மன்னவனூர்க் குளிருக்காக மாட்டியது

கூரியர்க்காரர் பெட்டியை வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போனபோது, நான் அமராவதிபுதூரில் ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு நடத்திக்கொண்டிருந்தேன். கைப்பைக்குள் போன் அதிர்ந்து அடங்கியது. இடைவேளையில் எடுத்துப் பார்த்தால், அன்று எங்கள் வீட்டுக்கு வந்திருந்த என் நாத்தனார் ஒரு படம் அனுப்பியிருந்தாள். எங்கள் வாசற்படியில் நீளமான பழுப்பு அட்டைப்பெட்டி. கூடவே ஒரு குரல் பதிவு.

“மதினி, வந்திருச்சு. நான் பிரிக்கல. ஆனா ஆட்டிப் பாத்தேன். உள்ள கடகடங்குது.”

அதற்குப் பிறகு நடத்திய வகுப்புகளில் என்ன சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை. கரும்பலகையில் ஒரு கூட்டலைத் தப்பாகப் போட்டு, பிள்ளைகள் சொல்லித்தான் திருத்தினேன். சாயங்காலம் மணி அடித்ததும் வண்டியை எடுத்தேன். காரைக்குடி வரைக்கும் மூன்றாவது கியருக்குக் கீழே இறங்கிய ஞாபகம் இல்லை.

பெட்டிக்குள் இருந்தது ஒரு ஜோடி ஹேண்ட் கார்டு. மோட்டார்சைக்கிள் கைப்பிடிக்கு முன்னால், விரல்களை மறைப்பதுபோல் வளைந்து நிற்கும் கெட்டிப் பிளாஸ்டிக் கவசம். அதன் பின்னால் ஓர் அலுமினியப் பட்டை. ஒரு முனை கைப்பிடியின் கோடியிலும் இன்னொரு முனை கண்ணாடிக்குப் பக்கத்திலும் மாட்டும். எதிர்க்காற்று நேராகக் கையில் அடிக்காமல் தடுப்பது அதன் வேலை. குளிர் நாடுகளிலும் மலைப்பாதைகளிலும் ஓட்டுகிறவர்கள் மாட்டுவார்கள். டிசம்பர் மாதத்து மத்தியானத்தில் சீட்டில் உட்கார்ந்தால் தொடை சுடுகிற காரைக்குடியில் அதற்கு என்ன வேலை என்று என்னைக் கேட்காத ஆள் இல்லை.

வேலை இருந்தது. அது போன குளிர்காலத்துக் கதை.

நானும் என் நாத்தனாரும் மோட்டார்சைக்கிள் பழகியது ஒரே வருஷத்தில். அவள் என் கணவரின் தங்கை. ஆத்தங்குடியில் வாழ்க்கைப்பட்டு, புருஷனோடு சேர்ந்து தரைக்கல் பட்டறை நடத்துகிறாள். கல்லை ஏற்றுவது, ஆட்களைப் பார்ப்பது, வீடு கட்டுகிறவர்களிடம் போய் அளவெடுப்பது என்று ஓர் இடத்தில் நிற்காத பிறவி. ஸ்கூட்டர் போதவில்லை என்று அவள்தான் முதலில் மோட்டார்சைக்கிள் வாங்கினாள். அதைப் பார்த்து எனக்கும் ஆசை வந்தது. நாற்பது வயதுக்கு மேல் மானகிரி ரோட்டில் ஒருவர் பின்னால் ஒருவர் போய்ப் போய்ப் பழகினோம். அப்புறம் பிள்ளையார்பட்டி, திருமயம் என்று தூரம் கூடியது. போன ஜனவரியில் கொடைக்கானல் வரைக்கும் போய்விட்டோம்.

கொடைக்கானலுக்கும் அங்குட்டு, மன்னவனூர்ப் பக்கம், அதிகாலையில் புல்வெளி முழுக்கப் பனி உறைந்து வெள்ளையாகக் கிடக்கும் என்று அவள் ஒரு வீடியோவில் பார்த்திருந்தாள். எனக்கும் காட்டினாள். செம்மண்ணும் வெயிலுமாக வளர்ந்தவள் நான். தரை வெள்ளையாக இருப்பதை ஒரு தடவை காலால் மிதித்துப் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றிவிட்டது.

மிதிக்கவில்லை. ஏரியைத் தாண்டிப் பூம்பாறை ரோட்டில் கொஞ்ச தூரம் போனதும் விரல்கள் வலிக்க ஆரம்பித்தன. தோல் கையுறை போட்டிருந்தும் காற்று உள்ளே இறங்கியது. கொஞ்ச நேரத்தில் வலியும் நின்றுவிட்டது. அதுதான் பயம். கிளச்சைப் பிடித்திருக்கிறேனா விட்டிருக்கிறேனா என்று கைக்குத் தெரியவில்லை. குனிந்து கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. ஒரு வளைவில் வண்டி திக்கி நின்றுபோனது. கையுறையைக் கழற்றினால் நான்கு விரல்களும் நுனியிலிருந்து பாதி வரைக்கும் சாக்பீஸ் மாதிரி வெளுத்துக் கிடந்தன. பக்கத்து டீக்கடையில் ஒரு பெண் என்னைப் பிடித்து அடுப்புக்கு முன்னால் உட்கார வைத்தாள். இரத்தம் திரும்பி ஓடும்போது எடுத்த வலியில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அங்கிருந்தே திரும்பினோம். நாத்தனார் மட்டும் போயிருக்கலாம். அவளும் போகவில்லை.

ஊருக்கு வந்து டாக்டரிடம் காட்டினேன். சிலருக்கு உடம்புவாகே அப்படி, குளிர் பட்டதும் விரல் நுனியில் இரத்தக்குழாய் சுருங்கிக்கொள்ளும், பயப்பட ஒன்றும் இல்லை, கையில் குளிர்காற்று நேரடியாகப் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். மோட்டார்சைக்கிள் ஓட்டாதீர்கள் என்று சொல்வார் என்று பயந்துகொண்டே உட்கார்ந்திருந்தேன். சொல்லவில்லை. வெளியே வந்ததும் நாத்தனார் கேட்டாள்.

“காத்துப்படக் கூடாதுன்னுதான சொன்னாரு? அப்ப காத்த மறைச்சிட்டாப் போச்சு.”

அப்படித்தான் அந்தப் பெட்டி வந்தது.

மார்கழி பிறந்து வந்த ஞாயிற்றுக்கிழமை மாட்டுவதென்று முடிவானது. என் கணவர் கடைவீதியில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறார். அவருக்கு வண்டி ஓட்டுவதில் துளிகூட ஆசை கிடையாது. மலைப்பாதை என்றால் காரில் போனாலே தலை சுற்றும். ஆனால் எதையாவது கழற்றி மாட்டுவது என்றால் சாப்பாடு வேண்டாம். ஒரு வாரமாகவே கடையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வந்து சேர்த்துக்கொண்டிருந்தார். ஞாயிறு காலையில் நான் எழுந்து வந்து பார்த்தால், வண்டியை முற்றத்தில் நிறுத்தி, பக்கத்தில் பழைய போர்வையை விரித்து, ஸ்பேனர், ஆலன் கீ, ரப்பர், எண்ணெய்க் குப்பி எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்.

“காப்பி குடிச்சீகளா?” என்று கேட்டேன்.

“மொதல்ல இது கழறட்டும்.”

கழறவில்லை. கைப்பிடியின் கோடியில் ஒரு கனமான உருண்டை இருக்கும். அதை எடுத்துவிட்டுத்தான் கவசத்தின் பட்டையை அந்த இடத்தில் மாட்ட வேண்டும். அந்த உருண்டையைப் பிடித்திருந்த ஸ்க்ரூ அசையவே இல்லை. அவர் முக்கினார். நான் வண்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அதற்குள் ஆத்தங்குடியிலிருந்து வந்து சேர்ந்த நாத்தனார் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் குனிந்து பார்த்தாள்.

“அண்ணே, ஸ்க்ரூ தலைய வழுக்க விட்றாதீக. அப்புறம் எங்குட்டும் போக முடியாது.”

“தெரியும்த்தா. கம்பெனியில பசை போட்டு முடுக்கியிருக்கான். சூடு காட்டுனா எளகும்.”

சால்டரிங் அயனை எடுத்து வந்து அதன் முனையை ஸ்க்ரூவின் தலையில் வைத்து அழுத்திப் பிடித்தார். மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். லேசாகக் கருகிய வாடை வந்தது. ஆலன் கீயைப் போட்டு ஒரு வெட்டு வெட்டித் திருப்பினார். டக்கென்று ஒரு சத்தம். உடைந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். அவர் சிரித்துக்கொண்டே கையைச் சுற்ற ஆரம்பித்தார். ஸ்க்ரூ வழுவழுவென்று வெளியே வந்தது.

அந்தச் சத்தம் கேட்டுத்தான் பக்கத்து வீட்டு ஆச்சி சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தார். பிள்ளைகள் எல்லாம் வெளிநாட்டில். வீட்டின் முன்பகுதியைச் சுற்றுலா வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட்டுவிட்டுப் பின்பகுதியில் அவரும் அவர் வீட்டுக்காரரும் இருக்கிறார்கள். எங்கள் வண்டிகள் கிளம்பும் நேரம், திரும்பும் நேரம் இரண்டும் அவருக்கு அத்துப்படி.

“என்ன டீச்சர், வண்டிக்குக் காது வைக்கிறீகளா?”

“ஆமா ஆச்சி. கொடைக்கானல் குளிருக்கு.”

“இருங்க, நானும் வாறேன்.”

வலது பக்கத்து முனையை மாட்டியதும் அடுத்த தடை வந்தது. பட்டையின் இன்னொரு முனையில் இருந்த பிடி, எங்கள் வண்டிக் கைப்பிடியின் கனத்துக்குக் கொஞ்சம் பெரியது. முடுக்கினாலும் ஆடியது. கணவர் முகத்தில் கவலைக்குப் பதில் ஒரு வெளிச்சம் வந்ததை நான் பார்த்தேன். நேராக வந்து உட்கார்ந்திருந்தால்தான் அவர் ஏமாந்திருப்பார். ஒரு பழைய சைக்கிள் டியூபை எடுத்து, கத்தரியால் பட்டையாக வெட்டி, கம்பியைச் சுற்றி ஒரு சுற்றுச் சுற்றினார். அதன்மேல் பிடியை வைத்து முடுக்கினார். பிடித்து ஆட்டிப் பார்த்தோம். வண்டிதான் ஆடியது, கவசம் ஆடவில்லை.

“முடிஞ்சது” என்றேன்.

“முடியல” என்றாள் நாத்தனார். அவள் வண்டிக்குப் பின்னால் நின்றிருந்தாள். “பிரேக் லைட்டு எரிஞ்சுக்கிட்டே இருக்கு மதினி.”

சாவியைப் போட்டு வைத்திருந்தேன். நான் பிரேக்கைத் தொடவில்லை. ஆனால் பின்னால் சுவரில் சிவப்பு வெளிச்சம் விழுந்துகொண்டிருந்தது. குனிந்து பார்த்தால், பிரேக் லீவரின் நுனி கவசத்தின் அலுமினியப் பட்டையில் மயிரிழையாக உரசிக்கொண்டிருந்தது. அந்த உரசலே லீவரைக் கொஞ்சம் அழுத்திப் பிடித்திருந்தது. அப்படியே மலை ஏறியிருந்தால் முன்பிரேக் பாதி வழியிலேயே சூடேறிக் கருகியிருக்கும்.

“நல்ல வேளை பாத்த” என்றார் அவர் தங்கையிடம்.

“கல்லு கல்ல ஒரசுதா, எடவெளி இருக்கான்னு பாத்துக்கிட்டே இருக்குற பொழப்பு அண்ணே.”

லீவரின் பிடியைத் தளர்த்தி, உள்பக்கமாக நகர்த்தி, மறுபடி முடுக்கினார். சுவரில் சிவப்பு அணைந்தது. நான் பிரேக்கைப் பிடித்தேன், வந்தது. விட்டேன், போனது. மறுபடி பிடித்தேன். விளக்கைப் போட்டு அணைக்கிற குழந்தை மாதிரி எத்தனை தடவை செய்தேன் என்று தெரியாது. யாரும் என்னை நிறுத்தவில்லை.

இடது பக்கத்தை மாட்டக் கையை வைத்தவர் நிறுத்தினார்.

“இரு. இது உண்மையில காத்தத் தடுக்குதான்னு பாத்துட்டு மாட்டுவோம். ஒரு பக்கம் இருக்கு, ஒரு பக்கம் இல்ல. சோதனைக்கு இதவிட நல்ல நேரம் கெடைக்காது.”

“இங்க குளிருக்கு எங்க போறது?”

அவர் உள்ளே போய் நிற்கிற ஃபேனைத் தூக்கி வந்தார். ஒயரை நீட்டி முற்றத்தில், வண்டிக்கு நேர் எதிரே வைத்தார். கைகளை நனைத்துக்கொண்டு காற்றில் வைத்தால் குளிரும் என்பது அவர் யோசனை. நாத்தனார் வெள்ளைப் பருத்திக் கையுறை இரண்டை நனைத்து எனக்கு மாட்டிவிட்டாள். ஆச்சி அதுவரை படியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

“பச்சத்தண்ணி எப்படிக் குளிரும்? எங்க வீட்டுல ஐஸ் இருக்கு. விருந்தாளுக்குப் போட்டு வச்சது” என்று எழுந்து போனார். ஒரு கிண்ணம் நிறைய ஐஸ் தண்ணீரோடு வந்தார். கையுறைகளை அதில் முக்கி எடுத்தோம்.

வண்டியில் ஏறி உட்கார்ந்து, இரண்டு கைப்பிடியையும் பிடித்துக்கொண்டேன். “வைங்க” என்றேன். ஃபேன் சுழன்றது. தலைமுடி பின்னால் பறந்தது. புடவைத் தலைப்பை நாத்தனார் பிடித்து என் இடுப்பில் செருகினாள். முற்றத்தில் நிற்கும் வண்டியில் உட்கார்ந்து, ஃபேன் காற்றில், நான் மன்னவனூர் ரோட்டில் போய்க்கொண்டிருந்தேன்.

முதலில் இரண்டு கையும் ஒன்றுபோலத்தான் இருந்தன. பிறகு இடது கை கடுக்க ஆரம்பித்தது. எலும்புக்குள் இறங்குகிற அந்தக் கடுப்பு எனக்கு நன்றாகத் தெரியும். வலது கை ஈரமாக இருந்தது, அவ்வளவுதான். குளிரவில்லை. உறுதியாகத் தெரிகிற வரைக்கும் பொறுத்துப் பார்த்தேன்.

“என்ன செய்யுது?” என்றார்.

“எடது கை போச்சு. வலது கைக்குக் காத்தே தெரியல.”

அவர் முகம் அப்போது எப்படி இருந்தது என்று எழுத எனக்குத் தெரியவில்லை. ஆச்சி எழுந்து வந்து, “நகருங்க, நானும் பாக்குறேன்” என்றார். வாழ்க்கையில் மோட்டார்சைக்கிளில் ஏறாதவர். வண்டிக்கு முன்னால் நின்று, கவசத்துக்குப் பின்னால் ஈரக் கையை வைத்துப் பார்த்தார். அப்புறம் இந்தப் பக்கம் வைத்துப் பார்த்தார். தலையை ஆட்டினார்.

“கீழ வழியா வருதே. சுண்டு வெரலுல படுது.”

நான் மறுபடி உட்கார்ந்து பார்த்தேன். அவர் சொன்னது சரி. கவசத்தின் அடிப்பக்கத்துக்குக் கீழே காற்று நுழைந்து சுண்டுவிரலைத் தொட்டது. கணவர் அதைத் தளர்த்தி ஒரு துளி கீழே சாய்த்தார். மறுபடி ஃபேன். மறுபடி ஐஸ் தண்ணீர். இந்தத் தடவை சுண்டுவிரலும் தப்பித்தது. அதே சாய்வில் இடது பக்கத்தையும் மாட்டினார். பழகிய கை என்பதால் அது சீக்கிரம் முடிந்தது. ஹேண்டிலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் திருப்பி, கேபிள் எங்கும் நசுங்கவில்லை என்று பார்த்தோம். நாத்தனாருக்கும் ஒரு ஜோடி வாங்கட்டுமா என்று அவர் கேட்டதற்கு அவள் மறுத்துவிட்டாள்.

“எனக்கு எதுக்கு? நாள் பூரா சிமெண்டுத் தண்ணியில கெடக்குற கை.”

மத்தியானச் சாப்பாட்டை நாங்கள் சாயங்காலம் சாப்பிட்டோம்.

மறுநாள் விடியற்காலையில் தனியாக மானகிரி ரோட்டில் ஓட்டிப் பார்த்தேன். மார்கழிப் பனி கண்மாய்க் கரையில் தரையோடு தரையாகப் படிந்து கிடந்தது. கவசத்தின் மேல் சின்னச் சின்னத் துளிகளாகப் பனி கோத்து நின்றது. அதற்குப் பின்னால் என் கைகள் வெதுவெதுப்பாக இருந்தன. எதிரே பால் கேனோடு வந்த ஒருவர் வண்டியைப் பார்த்துக்கொண்டே போய்ச் சைக்கிளை ரோட்டு ஓரத்தில் இறக்கிவிட்டார்.

அரையாண்டு விடுமுறை விட்டதும் கிளம்பினோம். திருப்பத்தூர், சிங்கம்புணரி, நத்தம் வழியாகத் திண்டுக்கல். அங்கிருந்து வத்தலக்குண்டு. அதுவரைக்கும் வியர்வைதான். மலையில் ஏறி ஒவ்வொரு வளைவாகக் கடக்கக் கடக்க காற்று மாறியது. நான் கையுறைக்குள் விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். எல்லா விரல்களும் சொன்னபடி கேட்டன. அன்று கொடைக்கானலில் தங்கினோம். படுத்தும் இருவருக்கும் தூக்கம் பிடிக்கவில்லை. ஜன்னல் கண்ணாடியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து, “இன்னம் குளிரணும் மதினி” என்று அவள் வேண்டிக்கொண்டிருந்தாள்.

வெளிச்சம் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் வனத்துறைச் சோதனைச் சாவடியில் போய் நின்றோம். திறந்துவிட்டதும் நான் முன்னால், அவள் பின்னால். போன தடவை வண்டி நின்றுபோன வளைவு எங்கே வரும் என்று பார்த்துக்கொண்டே போனேன். வந்தது. டீக்கடை இன்னும் திறக்கவில்லை. தாண்டிவிட்டேன். ஹெல்மெட்டுக்குள் எனக்கு நானே சத்தமாகச் சிரித்தேன். விரல்கள் குளிர்ந்திருந்தன, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அவை என்னுடையவையாக இருந்தன. கிளச்சின் ஒவ்வோர் இழுப்பும் எனக்குத் தெரிந்தது.

பூம்பாறையைத் தாண்டி ஒரு சரிவான திருப்பம். திரும்பியதும் ரோட்டின் நடுவில் ஒரு காட்டெருமை நின்றது. அவ்வளவு பெரிய உயிரை அவ்வளவு பக்கத்தில் நான் பார்த்ததில்லை. மூக்கிலிருந்து புகை மாதிரி மூச்சு வந்தது. பிரேக்கைப் பிடித்து நிறுத்தி இடது காலை ஊன்றினேன். ஊன்றிய இடத்தில் சரளை. கால் வழுக்கியது. வண்டி மெதுவாக, எனக்குத் தடுக்கவே நேரம் கொடுப்பதுபோல் அவ்வளவு மெதுவாகச் சாய்ந்து, இடது பக்கமாகப் படுத்துவிட்டது. நான் ஒதுங்கி நின்றுவிட்டேன். எனக்கு ஒன்றுமில்லை.

பின்னால் நாத்தனார் என்ஜினை அணைத்தாள். “மதினி, அசையாதீக” என்றாள் சின்னக் குரலில்.

காட்டெருமை என்னைப் பார்த்தது. கிடக்கிற வண்டியைப் பார்த்தது. பயம்தான், ஆனால் பயத்தோடு கூடவே, இதைப் பார்க்க நான் இங்கே நிற்கிறேனே என்று ஒரு கிளர்ச்சியும் உடம்பு முழுக்க ஓடியது. அது கடைசியில் தலையை ஒரு தடவை ஆட்டிவிட்டு, சரிவில் இறங்கி மரங்களுக்குள் போனது. அவ்வளவு கனமான உடம்பு சத்தமே இல்லாமல் போனது.

இருவருமாகச் சேர்ந்து வண்டியைத் தூக்கினோம். நான் முதலில் தேடியது கிளச் லீவரை. இப்படிப் படுத்தால் லீவர் வளையும், இல்லாவிட்டால் ஒடியும். ஒடிந்தால் அந்தக் காட்டில் ஒன்றும் செய்ய முடியாது. லீவர் அப்படியே இருந்தது. கவசத்தின் பட்டைதான் தரையில் மோதித் தாங்கியிருந்தது. அதன் கோடியில் நீளமாக ஒரு கீறல், பிளாஸ்டிக்கில் கொஞ்சம் மண். குளிருக்கென்று மாட்டியது இதற்கும் வந்து நின்றது.

“போவமா, திரும்புவமா?” என்றாள்.

“ஸ்டார்ட் ஆகுதா பாப்போம்.”

ஒரே அழுத்தில் கிளம்பியது.

மன்னவனூர்ப் புல்வெளி ஒரு வளைவுக்குப் பின்னால் திடீரென்று விரிந்தது. வெள்ளையாகத்தான் இருந்தது. வீடியோவில் பார்த்த வெள்ளை இல்லை. ஒவ்வொரு புல்லும் தனித்தனியாக, உப்புப் பூத்ததுபோல் நின்றது. வண்டியை ஓரம் கட்டிவிட்டு இறங்கி நடந்தேன். காலடியில் பொருபொருவென்று நொறுங்கியது. அந்தச் சத்தத்தை யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. முன்னே போய், பின்னே வந்து, மறுபடி போய், அந்தச் சத்தத்துக்காகவே நடந்தேன். கையுறையைக் கழற்றிப் பார்த்தேன். விரல்கள் சிவந்திருந்தன. வெளுக்கவில்லை. உடனே மாட்டிக்கொண்டேன்.

நாத்தனார் கூட வரவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். அவள் வண்டிக்குப் பக்கத்திலேயே, இரண்டு கைகளையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு குதித்துக்கொண்டிருந்தாள்.

“என்ன ஆச்சு?”

“ஒண்ணுமில்ல. கை எங்க இருக்குன்னு தேடிக்கிட்டிருக்கேன்.”

பிளாஸ்கில் கொண்டுவந்த வெந்நீரைக் குவளையில் ஊற்றி அவள் கையில் கொடுத்து, அதன்மேல் என் கைகளை வைத்துப் பொத்திப் பிடித்தேன். கொஞ்ச நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். அப்புறம் அவளும் புல்லில் இறங்கி, என்னைவிட வேகமாக, குழந்தை மாதிரி ஓட ஆரம்பித்தாள். சூரியன் மலைக்கு மேலே வந்ததும் வெள்ளை ஓரத்திலிருந்து கரைந்து பச்சையாகிக்கொண்டே வந்தது. கரைகிற கோடு எங்கள் ஷூவைத் தொடுகிற வரைக்கும் நின்று பார்த்தோம்.

திரும்பும்போது அவள் சாவிக்குக் கை நீட்டினாள்.

“மதினி, பூம்பாறை வரைக்கும் நான் ஒங்க வண்டிய ஓட்டுறேன். வெயில் வந்துருச்சுல்ல, நீங்க என்னுதுல வாங்க.”

வெயில் ஏறியிருந்ததால் கொடுத்தேன். அவள் முன்னால் போனாள். அவள் வண்டியில் எனக்கு எதிர்க்காற்று நேராக அடித்தது. ஆனால் கையில் வெயிலும் விழுந்தது.

பூம்பாறையில் போனில் சிக்னல் கிடைத்தது. கணவர் வீடியோவில் வந்தார். கடையில் உட்கார்ந்திருந்தார், பின்னால் பெயிண்ட் டப்பாக்கள்.

“பனியப் பாத்தாச்சுங்க” என்றேன்.

“நல்லது. போல்ட்டு ஆடுதா?”

“ஆடல. ஆனா வண்டி ஒரு தடவை படுத்திருச்சு. எனக்கு ஒண்ணும் இல்ல. லீவருக்கும் ஒண்ணும் இல்ல. பட்டையில கீறல் மட்டும்.”

ஒரு நொடி என் முகத்தை உற்றுப் பார்த்தார். கையைத் தூக்கிக் காட்டச் சொன்னார். இரண்டு கையையும் காட்டினேன். விரல்களை மடக்கி நீட்டச் சொன்னார். செய்தேன். அதற்கப்புறம்தான் மூச்சு விட்டார்.

“சரி, இப்ப அந்தக் கீறலக் கிட்டக் காமி” என்றார். நான் போனை வண்டிப் பக்கம் திருப்பினேன். கடைக்குச் சாமான் வாங்க வந்த யாரையோ கூப்பிட்டு, “இங்க பாருங்க, இங்க பாருங்க” என்று அவர் காட்டிக்கொண்டிருப்பது கேட்டது. பின்னால் நாத்தனார் டீக்கடைக்காரரிடம் இட்லி வெந்துவிட்டதா என்று இரண்டாவது தடவையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.